வெனிலாப் புட்டியும் குடிநோயும்: ஒரு தொலைக்காட்சிக் காட்சிக்குப் பின்னுள்ள மூளை அறிவியல்

1984 ஜனவரியில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி, ‘ஃபேமிலி டைஸ்’ என்னும் குடும்பத் தொடரின் ஓர் அத்தியாயத்தை ஒளிபரப்பியது. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வாழும் கீட்டன் குடும்பத்தின் கதை அது. குடும்பத் தலைவி எலிஸின் தம்பி நெட், அக்காள் வீட்டுக்கு வந்து தங்குகிறான். பின்னாளில் இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்ற டாம் ஹாங்ஸ்தான் நெட்டாக நடித்தவர். அக்காள் மகன் அலெக்ஸுக்குத் தாய்மாமன் என்றால் உயிர். ஆனால் மாமன் ஓயாமல் குடிக்கிறான். வேறு மது கிடைக்காத ஒரு கட்டத்தில் சமையலறையில் இருந்த வெனிலாச் சாற்றையே எடுத்துக் குடித்துவிடுகிறான். அதே அத்தியாயத்தில், தன்னைத் திருத்த முயலும் அலெக்ஸை அடித்தும் விடுகிறான்.

அந்த வெனிலாப் புட்டி கதைக்காகச் செய்யப்பட்ட மிகை அன்று. வெனிலாக் காய்க்கு மணம் தரும் வெனிலின் என்னும் சேர்மம் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். ஆகவே ஆல்கஹால் கலந்த நீரில் காய்களை ஊற வைத்துத்தான் இயற்கைச் சாற்றை எடுக்கிறார்கள். ‘வெனிலா எக்ஸ்ட்ராக்ட்’ என்ற பெயரில் விற்கப்படும் சாற்றில் கன அளவில் குறைந்தது 35% ஆல்கஹால் இருக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விதித்திருக்கிறது. விஸ்கியிலும் ரம்மிலும் இருப்பது ஏறத்தாழ 40%. அந்த ஊர்க் கடைகளில் கிடைக்கும் 118 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் சுமார் 32 கிராம் தூய ஆல்கஹால் அடங்கியிருக்கிறது என்று கணக்கிடலாம். நம் வீடுகளில் கேக்குக்கு ஊற்றும் செயற்கை எசன்ஸ் பலவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

வளர்ந்த ஒருவருடைய கல்லீரல், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் சிதைக்க முடியும். குடித்துப் பழகாத ஒருவர் அந்தப் புட்டி முழுவதையும் குடித்தால் தள்ளாடுவார். நெட்டைப் போன்றவரோ ஏறக்குறைய இயல்பாகவே நடமாடுவார். அவருக்கு அது மூன்று நான்கு மணி நேரத்துக்குக் கை உதறலைத் தள்ளிப்போடும் மருந்து. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் குடிநோயின் பெரும்பகுதி புரிந்துவிடும். ‘மனசு வைத்தால் விட்டுவிடலாமே’ என்று உடன்பிறந்தவர்கள் மன்றாடுவதும், அந்த மன்றாட்டு வீணாவதும் ஏன் என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது.

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று வேதிப்பொருள்களின் வழியாகப் பேசிக்கொள்கின்றன. அவற்றுள் காபா என்பது நரம்பணுவை அமைதிப்படுத்துவது. குளூட்டமேட் என்பது கிளர்த்துவது. இவற்றைப் பெற்றுக்கொள்ளும் நரம்பணுவின் வாயில்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். ஆல்கஹால் இந்த இரண்டிலும் ஒரே நேரத்தில் கை வைக்கிறது. காபா ஏற்பிகளின் வேலையை மிகைப்படுத்துகிறது. குளூட்டமேட்டின் முக்கிய ஏற்பிகளில் ஒன்றான என்எம்டிஏ ஏற்பியை மட்டுப்படுத்துகிறது. முதல் கோப்பையில் பதற்றம் தணிவதும், அளவு கூடும்போது நாக்குக் குழறுவதும் நடை தடுமாறுவதும், மேலும் கூடினால் மூச்சே அடங்கிப்போவதும் இதனால்தான்.

ஆனால் மூளை தன் சமநிலையை விட்டுக்கொடுக்கும் உறுப்பு அன்று. நாள்தோறும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மது வந்துகொண்டே இருந்தால், அந்த அழுத்தத்துக்கு எதிராக அது தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. காபா ஏற்பிகளின் உள்ளமைப்பு மாறி அவற்றின் உணர்திறன் குறைகிறது. என்எம்டிஏ ஏற்பிகளின் எண்ணிக்கையும் செயலும் கூடுகின்றன. முன்பு இரண்டு கோப்பையில் கிடைத்த போதைக்கு இப்போது ஆறு தேவைப்படுகிறது. ‘எவ்வளவு குடித்தாலும் நிதானமாக இருப்பான்’ என்று ஊரார் ஒருவரைப் புகழும்போது, உண்மையில் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது இந்த மாற்றத்தைத்தான். அது உடல் வலிமையின் அடையாளம் அன்று, நோயின் அடையாளம்.

வடம் இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தினர் திடீரென்று கயிற்றை விட்டுவிட்டால், எதிர்ப்பக்கத்தினர் தாங்கள் போட்ட பலத்தாலேயே மல்லாந்து விழுவார்கள். மதுவைத் திடீரென்று நிறுத்தும்போது மூளைக்கு நேர்வது இதுதான். கடைசிக் கோப்பைக்குப் பிறகு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் கை உதறல், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்குகின்றன. முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வருகிறது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், ஒரு சிறு பங்கினருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்னும் சன்னி நிலை உண்டாகிறது. இடமும் நேரமும் தெரியாத குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வது போன்ற தோற்றங்கள், கடும் காய்ச்சல், தாறுமாறான இதயத்துடிப்பு ஆகியவை சேர்ந்த இந்த நிலை உயிரையே பறிக்கக்கூடியது.

இவை நிறுத்தத்தின் விளைவுகள் என்பதையே மருத்துவ உலகம் நெடுங்காலம் உறுதியாக அறிந்திருக்கவில்லை. மதுவின் நேரடி நஞ்சு என்று சிலரும், சத்துக்குறைவு என்று சிலரும் வாதிட்டு வந்தார்கள். கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் என்னும் ஆய்வாளர் நடத்தி, 1955-இல் வெளியிட்ட ஆய்வுதான் அந்த வாதத்துக்கு முடிவு கட்டியது. முன்பு மார்ஃபின் பழக்கத்தில் இருந்த சிலருக்கு நல்ல உணவும் வைட்டமின்களும் கொடுத்தபடியே வாரக்கணக்கில் மதுவும் கொடுத்து, பிறகு ஒரேயடியாக நிறுத்தினார்கள். சத்துக்குறைவுக்கு இடமே இல்லாத நிலையிலும் அவர்களில் சிலருக்கு வலிப்பும் சன்னியும் வந்தன. இத்தகைய ஆய்வை இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. என்றாலும் அதன் முடிவை மறந்துவிட்டால் இன்றைக்கும் உயிர்கள் போகும்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல குடும்பங்கள் நல்ல எண்ணத்தோடுதான் அண்ணனையோ தம்பியையோ ஓர் அறையில் வைத்துப் பூட்டி, ‘மூன்று நாள் குடிக்காமல் இருந்தால் சரியாகிவிடும்’ என்று காவல் இருக்கின்றன. அந்த மூன்று நாள்தான் ஆபத்தானது. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்புக் கண்டவர், காலையில் கண் விழித்ததும் கை உதறுபவர் ஆகியோர் மருத்துவக் கண்காணிப்பில்தான் மதுவை நிறுத்த வேண்டும். மருத்துவமனையில் டையசிபாம், லோரசிபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்து, சில நாள்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். அவையும் காபா ஏற்பியின் மீதே செயல்படுவதால், மூளை மெல்ல மெல்லத் தன் பழைய நிலைக்குத் திரும்ப அவகாசம் கிடைக்கிறது. கூடவே தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். நெடுநாள் குடியால் அது தீர்ந்துபோனால் நினைவாற்றல் நிலையாகவே சிதைந்துபோகக் கூடும். நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதுமாகப் பலமுறை நடந்தால், ஒவ்வொரு முறையும் நிறுத்தத்தின் கடுமை கூடிக்கொண்டே போவதும் உண்டு.

உடலின் தேவை ஒரு வாரத்தில் அடங்கிவிடுகிறது என்றால், சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆனவர் ஏன் மறுபடி குடிக்கிறார்? இது மூளையின் வேறொரு சுற்றைப் பற்றிய கேள்வி. 1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் ஆகிய இருவரும், மூளையின் சில இடங்களில் மின்முனை பொருத்தப்பட்ட எலிகள் அந்தத் தூண்டலுக்காக நெம்புகோலை ஓயாமல் அழுத்துவதைக் கண்டார்கள். பிற்காலத்தில் எலிகளின் அந்த ஓயாத நடத்தைக்கு அடியில் இருக்கும் வேதிப்பொருள்களில் டோபமைன் முதன்மையானது என்று தெரியவந்தது. டோபமைன் இன்பம் தருவது என்றுதான் முதலில் எண்ணினார்கள். 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெர்ரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் இதைத் திருத்தும் கொள்கை ஒன்றை முன்வைத்தார்கள்: ஒன்றை விரும்பிச் சுவைப்பதும் அதை நாடித் துடிப்பதும் மூளையில் வெவ்வேறு வேலைகள், போதைப்பொருள் பழகப் பழக, சுவைப்பு கூடாமலே நாட்டம் மட்டும் கூர்மையாகிக்கொண்டே போகலாம். கசக்கும் வெனிலாச் சாற்றை ஒருவன் ஒரே மூச்சில் விழுங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் கண்டதில்லை.

நாட்டம் தனியாக நிற்பதில்லை, சூழலோடு ஒட்டிக்கொள்கிறது. மாலை ஆறு மணி, குறிப்பிட்ட தெருமுனை, கண்ணாடிக் கோப்பையின் ஒலி, சம்பள நாள், அண்ணன் தம்பிக்குள் பழைய சண்டை என்று எது முன்பு குடியோடு சேர்ந்து வந்ததோ அதுவே பின்னர் டோபமைனைக் கிளறும் தூண்டுதலாகிவிடுகிறது. அத்தகைய வேளையில் ‘வேண்டாம்’ என்று நிறுத்த வேண்டிய மூளையின் முன்பகுதிப் புறணி, நெடுநாள் குடியால் வலுவிழந்து கிடக்கிறது. போதையில் இருக்கும்போது அது மேலும் மங்குகிறது. அதனால்தான் உயிராக நேசிக்கும் அக்காள் மகன் மீதே கை நீளுகிறது. இந்த விளக்கம் அடியின் காரணத்தைக் காட்டுகிறதே தவிர, அடியை மன்னிக்கச் சொல்லவில்லை. அடி வாங்குபவரின் பாதுகாப்பு எப்போதும் முதலில் வர வேண்டும்.

ஒரே வீட்டில் வளர்ந்த அக்காள் குடிக்காமல் இருக்கத் தம்பி மட்டும் ஏன் இப்படி என்ற கேள்வி எல்லாக் குடும்பங்களிலும் எழுகிறது. இரட்டையரையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபணுக்களால் வருவது. உடன்பிறந்தோர் சராசரியாகப் பாதி மரபணு வேறுபாடுகளைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆகவே ஒருவருக்கு வாய்த்தது மற்றவருக்கும் வாய்க்க வேண்டியதில்லை. குடிநோய்க்கென்று ஒற்றை மரபணுவும் கிடையாது. தனியாகப் பெரிய விளைவு காட்டுபவை, மதுவைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்கள்தான். ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நஞ்சாகவும், பிறகு தீங்கற்ற அசிட்டேட்டாகவும் மாறுகிறது. கிழக்காசியர் பலருக்கு இரண்டாம் படியைச் செய்யும் நொதி பிறவியிலேயே மந்தம். குடித்த சிறிது நேரத்தில் முகம் சிவந்து, குமட்டி, இதயம் படபடக்கும். அவர்களிடையே குடிநோய் குறைவாகக் காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்காவில் 1951-இல் ஒப்புதல் பெற்ற டைசல்ஃபிராம் மாத்திரை, இதே தடையைச் செயற்கையாக உண்டாக்குகிறது. அதை விழுங்கியிருக்கும்போது குடித்தால் கடும் ஒவ்வாமை போன்ற நிலை வரும். எனவே நோயாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்து. அந்த ஆலோசனையை யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. 1994-இல் குடிநோய்க்கு ஒப்புதல் பெற்ற நால்ட்ரெக்சோன், மது தரும் நிறைவைக் குறைக்கிறது. 2004-இல் அங்கு ஒப்புதல் பெற்ற அகாம்ப்ரோசேட், குடியை நிறுத்தியவர் மீண்டும் தொடங்காமல் இருக்க உதவுகிறது. இவை எல்லோருக்கும் பலன் தருவதில்லை. ஆனாலும் தேவைப்படுவோரில் மிகச் சிலருக்கே இவை எழுதித் தரப்படுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நெட் இறுதியில் உதவியை நாட ஒப்புக்கொள்கிறான். உண்மை வாழ்வில் பலர் ஒப்புக்கொள்வதில்லை. அங்கேதான் உடன்பிறந்தோர் திணறுகிறார்கள். சிகிச்சையை மறுக்கும் குடிநோயாளிகளின் குடும்பத்தார் 130 பேரை வைத்து, நியூ மெக்சிகோவில் வில்லியம் மில்லர், ராபர்ட் மெயர்ஸ் முதலியோர் நடத்திய ஆய்வொன்று 1999-இல் வெளிவந்தது. குடும்பமே கூடி நோயாளியை எதிர்கொண்டு பேசும் முறையில் 30% பேரே சிகிச்சைக்கு வந்தார்கள். பெரும்பாலான குடும்பங்களால் அந்தக் கூட்டத்தைக் கூட்டவே முடியவில்லை. அல்-அனான் என்னும் குடும்பத்தார் குழுவின் வழியில் சென்ற பிரிவில் அது 13%. அந்தக் குழுவின் நோக்கம் குடும்பத்தாரின் மன அமைதிதான், நோயாளியைச் சிகிச்சைக்கு அனுப்புவது அன்று. மெயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் என்னும் பயிற்சியைப் பெற்ற குடும்பங்களிலோ 64% பேர் வந்தார்கள்.

அந்தப் பயிற்சி கற்றுக்கொடுப்பவை பெரும்பாலும் சின்னச் சின்னச் செயல்கள். தம்பி குடிக்காமல் இருக்கும் மாலையில் அவனோடு சேர்ந்து சாப்பிடுவது. குடித்து வந்தால் சண்டை பிடிக்காமல் விலகிப் போய்விடுவது. அவன் வேலைக்குப் போகாத நாளில் அவனுக்காகப் பொய் சொல்லாமல் இருப்பது. எந்த வேளையில், யாரோடு, எதற்குப் பிறகு குடிக்கிறான் என்று கவனித்து வைப்பது. கை ஓங்கக்கூடிய அறிகுறி தெரிந்தால் வீட்டை விட்டு வெளியேற முன்பே ஏற்பாடு செய்துகொள்வது. சிகிச்சையைப் பற்றிய பேச்சை அவன் தெளிவாக இருந்து, நடந்ததற்குத் தானே வருந்தும் நேரத்தில்தான் எடுக்கச் சொல்கிறார்கள். அந்த நேரம் நெடுநேரம் நிலைக்காது என்பதால், அவன் ‘சரி’ என்று சொன்ன மறுநாளே சேர்க்கும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருப்பதும் பயிற்சியின் ஒரு பாடம்.