கர்ப்பகால உடற்பருமன்: சொல் விளக்கம்

செட்டிநாட்டில் முழுகாமல் இருக்கும் பெண்ணைப் பார்த்து, "நல்லாப் பூசினாப்புல இருக்கா" என்று வயதான ஆச்சி ஒருவர் சொன்னால், அது மனம் நிறைந்த பாராட்டு. மருத்துவர்கள் சொல்லும் 'ஒபிசிட்டி' வேறு. உடல்நலத்தைக் கெடுக்கும் அளவுக்குக் கொழுப்பு சேர்ந்த நிலையை அது குறிக்கும்.

'ஒபிசிட்டி' பிறந்தது 'ஒபேசுஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து. 'தின்று கொழுத்த' என்று பொருள்படும் அச்சொல், பழியை உண்டவர்மேலேயே போட்டுவிடுகிறது. 'பரு' என்னும் வேரில் பிறந்த 'பருமன்' அப்படிப்பட்டதன்று. கயிற்றுக்கும் மரத்துக்கும்கூட வழங்கும் அளவுச்சொல் அது. மரபணு, உறக்கம், மருந்து எனப் பல காரணங்களால் வரும் ஒரு நிலைக்கு 'உடற்பருமன்' என்பதே நேர்மையான பெயர் என்பது என் உறுதியான எண்ணம்.

சிலர் 'பேறுகால உடற்பருமன்' என்று எழுதுகின்றனர். பேறு என்பது பிள்ளை பெறுதலைச் சுட்டுவதால் 'கர்ப்பகால' என்பதே தெளிவு. மாதம் ஏற ஏறக் கூடும் எடையை இத்தொடர் குறிப்பதில்லை. கருத்தரிக்கும்போதே இருந்த பருமனைத்தான் குறிக்கிறது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் 30ஐ எட்டினால் பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இந்திய மருத்துவர்கள் 25ஐயே எல்லையாகக் கொள்கின்றனர், 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 60 கிலோ.

பிள்ளைக்கு இதனால் என்ன? பருமனால் தாயின் இரத்தத்தில் மிகும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குச் செல்லும். தாயின் இன்சுலின் செல்லாது. அதனால் சிசுவின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்க, மிகுந்த சர்க்கரை கொழுப்பாகச் சேர்கிறது. அக்குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் பருமன், இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவை வரும் வாய்ப்பு கூடுதல். மரபணுவும் வீட்டுச் சாப்பாடும் இதில் பங்கு கொள்கின்றன என்றாலும், எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளிடம், அதற்குமுன் அவரே பெற்ற பிள்ளைகளைவிடப் பருமன் குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன.

எனவே, "ரெண்டு உசிருக்குச் சாப்பிடு" என்று கந்தரப்பத்தையும் பால்பணியாரத்தையும் தட்டில் அடுக்குவது அன்பே ஆயினும் தேவையற்றது. குறியீட்டெண் 30க்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பகாலம் முழுவதும் 5 முதல் 9 கிலோ வரை கூடினாலே போதும். அதற்காகப் பட்டினி கிடப்பதும் கூடாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமைத் தொட்டால், கர்ப்பகால நீரிழிவு எனக் கொண்டு அப்போதே சிகிச்சை தொடங்கப்படுகிறது.