விட்ச் என்றால் சூனியக்காரி மட்டும்தானா?

கூம்புத் தொப்பியும் துடைப்பமுமாக ஒரு கிழவி: 'விட்ச்' என்றதும் அவள்தான் கண்முன் வருகிறாள். பழைய ஆங்கிலத்திலோ ஆணுக்கும் இந்தப் பெயர் உண்டு. சூனியம் வைப்பவன் 'விச்சா', வைப்பவள் 'விச்செ'. காலப்போக்கில் இரண்டும் தேய்ந்து ஒன்றாகி, பெண்ணோடு ஒட்டிக்கொண்டது. 'ஞானி' என்பதிலிருந்து வந்த சொல் என்று பலரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறதே தவிர, மொழியியலாளர் பலர் அதை ஏற்பதில்லை.

ஒரு காலத்தில் திருச்சபையே இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்கள் இரவில் பறந்து போகிறார்கள் என்பது வெறும் பிரமை என்றது 10ஆம் நூற்றாண்டு விதி ஒன்று. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் காற்று திசைமாறியது. ஹைன்ரிக் கிராமர் என்ற துறவி எழுதிய 'மல்லேயுஸ் மலெஃபிகாரும்' என்ற நூல் அப்போது அச்சேறியது. 'சூனியக்காரிகளின் சம்மட்டி' என்று பொருள். லத்தீனில் 'மலெஃபிகாரும்' பெண்பால் பன்மை. யாரைக் குறிவைத்தார் என்பது தலைப்பிலேயே தெரிகிறது. அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் சூனியப் பழியில் சுமார் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டதாக வரலாற்றாளர்கள் கணிக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஐஸ்லாந்து போன்ற சில இடங்களில் தலைகீழ், அங்கே ஆண்களே அதிகம். எல்லோரையும் எரித்தார்கள் என்பதும் சரியல்ல, இங்கிலாந்தில் தூக்குதான்.

கையையும் காலையும் கட்டித் தண்ணீரில் போடும் சோதனையும் இருந்தது. மிதந்தால் குற்றவாளி, மூழ்கினால் நிரபராதி!

சரி, தமிழில்? 'சூனியம்' வடமொழிச் சொல். வெறுமை, பாழ் என்று பொருள். பிறருக்குக் கேடு செய்யும் மாந்திரீகத்துக்கும் தமிழில் அதுவே பெயர். ஆகவே 'சூனியக்காரி' பொருத்தமானதுதான், ஆணென்றால் 'சூனியக்காரன்'. வடமொழி வேண்டாம் என்பவர்கள் 'செய்வினைக்காரி' எனலாம். 'மந்திரவாதி' ஒத்துவராது, வைத்த சூனியத்தை எடுப்பவரும் அவர்தானே. 'சூனியக்கிழவி' சிறுவர் கதைகளோடு நிற்கட்டும். இன்று 'விக்கா' சமயத்தைப் பின்பற்றித் தங்களையே விட்ச் என்று அழைத்துக்கொள்பவர்களை 'விக்கா நெறியினர்' என்பதே முறை.

வரலாறு எழுதும்போது இன்னொரு கவனம் தேவை. 'சூனியக்காரிகள் கொல்லப்பட்டனர்' என்றால் குற்றச்சாட்டை நாமே உறுதிசெய்வதாகிவிடும். 'சூனியக்காரி எனப் பழிசுமத்தப்பட்டோர்' என்று எழுதுவதே சரி. சுவிட்சர்லாந்தின் கிளாருஸில் அன்னா கோல்டி என்ற பணிப்பெண்ணின் தலையை 1782இல் வெட்டினார்கள். சூனியப் பழியில் தொடங்கிய வழக்கு அது. தீர்ப்பிலோ அந்தப் பேச்சையே தவிர்த்து, 'நஞ்சிட்டவள்' என்று எழுதினார்கள். அவர் குற்றமற்றவர் என்று கிளாருஸ் நாடாளுமன்றம் அறிவித்தது 2008இல்.