மீட்ட பிள்ளையைச் சான்றிதழ் இல்லாமல் பஸ் ஏற்றாதீர்கள்

கொத்தடிமையாக இருந்த பிள்ளையை மீட்கும் நாளில் எல்லோருக்கும் அவசரம். "முதலில் ஊருக்குப் போங்கள், விடுதலைச் சான்றிதழைத் தபாலில் அனுப்புகிறோம்" என்று யாராவது சொல்வார். நம்பாதீர்கள். அப்படி நம்பிப் போன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். சொந்த மாவட்டத்தில் "மீட்ட இடத்தில் கேளுங்கள்" என்றார்கள். மீட்ட இடத்தில் "அந்த அதிகாரி மாற்றலாகிவிட்டார்" என்றார்கள்.

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, தமிழ்நாட்டில் பெரும்பாலும் கோட்டாட்சியர் கையெழுத்திட்டுத் தரும் விடுதலைச் சான்றிதழைத்தான் பிறகு எந்த மேசையிலும் கேட்பார்கள். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. அதற்கு மேல் சிறுவர்களுக்கு 2 லட்சம். கடத்தல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டால் 3 லட்சம்.

"வழக்கில் தண்டனை வரட்டும்" என்பது வழக்கமான பதில். 30,000 ரூபாய்க்கு அந்த நிபந்தனையே கிடையாது. பெரிய தொகை தண்டனையோடு இணைக்கப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் கொத்தடிமைதான் என்று மாவட்ட நிர்வாகம் முதல்நோக்கில் முடிவு செய்துவிட்டால், தீர்ப்பு வரவில்லை என்று கோப்பை நிறுத்தக் கூடாது. இதை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குப் பதில் வராது.

அடுத்த பொறி முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை மட்டும் போட்டு முடிக்கப் பார்ப்பார்கள். முன்பணம் வாங்கியது தெரிந்தால் கொத்தடிமைச் சட்டமும் வேண்டும். ஆள் கடத்தலுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு இருக்கிறது. "பெற்றோரே அனுப்பினார்களே" என்பார் ஆய்வாளர். பொறுப்பில் இருப்பவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் பெறுவதையே அந்தப் பிரிவு கடத்தலின் வழிகளில் ஒன்றாகச் சொல்கிறது. புகார் கொடுத்தவருக்கு அறிக்கையின் நகல் இலவசம், வாங்காமல் நகராதீர்கள்.

வயதில்தான் பலர் தோற்கிறார்கள். முதலாளி ஆதார் அட்டையைக் காட்டி "பதினெட்டு முடிந்துவிட்டது" என்பார். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு கேட்பது பள்ளிச் சான்று; அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. எனவே பள்ளிச் சான்றை மீட்பு நாளுக்கு முன்பே கையில் வைத்திருங்கள்.

பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். காவல் நிலையத்தில் இரவெல்லாம் உட்கார வைத்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.

இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தனியாக மனு கொடுக்கலாம். விசாரணையை இரண்டு மாதத்துக்குள் அவர்கள் முடித்தாக வேண்டும். ஒப்புகை முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

ஊர் திரும்பியதும் தரகர் முன்பணத்தைக் கேட்டு வாசலில் நிற்பார். கொத்தடிமைக் கடன் சட்டப்படி ஒழிந்துவிட்டது. அதைத் திரும்ப வாங்கினால் வாங்குபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சான்றிதழின் நகலோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.