ஆக்சிஜனுக்கு இரண்டு வழி, முடிவு செய்வது உலோகமும் தூரமும்

"காது கேட்கும் கருவியின் பேட்டரியில் ஸ்டிக்கரை உரித்துவிட்டால், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் சில வாரங்களில் வீணாகிவிடுகிறதே, ஏன்?" என்று மதுரை சிம்மக்கல்லிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அது துத்தநாக-காற்று மின்கலம். ஸ்டிக்கர் மூடியிருப்பது காற்றுத் துளைகளை. உரித்ததும் ஆக்சிஜனோடு கார்பன் டைஆக்சைடும் நுழைந்து உள்ளிருக்கும் காரத்தைக் கெடுக்கிறது. மதுரை வெயிலில் மின்பகுளி காய்ந்தும் போகும்.

உள்ளே போன ஆக்சிஜனுக்கு என்ன ஆகிறது என்பதுதான் சுவாரசியம். அமிலக் கரைசலில் நான்கு எலக்ட்ரான் வாங்கினால் நீர் (காரத்தில் ஹைட்ராக்சைடு). அதன் திட்ட மின்னழுத்தம் 1.23 வோல்ட். இரண்டோடு நின்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு; சுமார் 0.70 வோல்ட்தான். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலத்தில், இந்தப் பெராக்சைடு இரும்பு அயனியோடு சேர்ந்து உருவாக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பு (மிக வேகமாக வினைபுரியும் துணுக்கு), இரு மின்முனைகளைப் பிரிக்கும் சவ்வையே அரித்துவிடும். அதனால்தான் அங்கே ஆக்சிஜனை நீர்வரை கொண்டுபோகும் வினைவேகமாற்றியாகப் பிளாட்டினம். அதற்கு மாற்றாக உலோக அணைவுச் சேர்மங்களைத் தேடும் பயணம், 1964இல் ஜாசின்ஸ்கி என்ற ஆய்வாளர் கோபால்ட் தாலோசயனினை (நடுவில் கோபால்ட் அமர்ந்த வளையச் சேர்மம்) சோதித்ததில் தொடங்கியது.

அதே குடும்பத்தைச் சேர்ந்தது பார்பைரின்; நம் இரத்தத்தின் ஹீமில் இரும்பைத் தாங்கியிருக்கும் வளையம். இந்த வளையத்தின் நடுவில் இரும்பு இருந்தால், அது நான்காம் ஆக்சிஜனேற்ற நிலைக்கு ஏறி ஓர் ஆக்சிஜன் அணுவை இரட்டைப் பிணைப்பில் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் மூலக்கூறின் இரு அணுக்களுக்கு இடையிலான O–O பிணைப்பு அறுந்துவிடும். கோபால்டால் அப்படி எளிதில் பிடிக்க முடியாது. பிணைப்பு அறுவதற்குள் பெராக்சைடு கழன்றுவிடும்.

ஆனால் அதே கோபால்டை இரண்டாகப் போட்டால்? வேதியியலாளர்கள் கால்மன், ஆன்சன் குழுவினர் இரு கோபால்ட் பார்பைரின்களை இட்லித் தட்டுகள்போல எதிரெதிரே அடுக்கி, நான்கு அணு நீளப் பாலங்களால் கட்டினார்கள். இடைவெளிக்குள் நுழைந்த ஆக்சிஜனை இரு உலோகங்களும் இரு முனையிலும் பற்றிக்கொண்டன. விளைபொருள் பெரும்பாலும் நீர். பாலத்தை நீட்டினால் மறுபடி பெராக்சைடு! உலோகம் மாறவில்லை, வளையம் மாறவில்லை. தூரம் மட்டுமே மாறியது. வேதியியலில் இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியவில்லை.

எந்த வழி என்று அளப்பது சுழலும் வளைய-தட்டு மின்முனை: நடுவில் சேர்மம் பூசிய தட்டு, அதைச் சுற்றி ஒரு வளையம். தட்டில் ஆக்சிஜன் ஒடுங்கும், அதாவது எலக்ட்ரான் வாங்கும். தப்பிய பெராக்சைடை 1.2 வோல்ட் அளவில் வைத்த பிளாட்டின வளையம் பிடிக்கும். தட்டில் 1 மில்லிஆம்பியர், வளையத்தில் 0.02, சேகரிப்புத் திறன் (தட்டில் உருவாவதில் வளையம் பிடிக்கும் பங்கு) 0.37 என்றால் பெராக்சைடு சுமார் 10 சதவீதம். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு சராசரியாக வாங்கிய எலக்ட்ரான் எண்ணிக்கை 3.8.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வினைவேகமாற்றியைத் தடிமனாகப் பூசினால், பெராக்சைடு வெளியேறுவதற்குள் அந்தப் படலத்திலேயே மறுபடி ஒடுங்கிவிடும். மோசமான சேர்மமும் 'நான்கு எலக்ட்ரான்' என்று காட்டும். மின்சுற்றை நிறைவு செய்யும் துணை மின்முனையாகப் பிளாட்டினக் கம்பியைப் போட்டால், அது கரைந்து தட்டில் படிந்து பொய்யான வெற்றி தரும்; கிராஃபைட் கம்பி போதும்.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த மண் இது. ஹைட்ரஜன் வாகனக் கண்காட்சிகளுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு, இப்பகுதிக் கல்லூரிகளுக்கு இப்படியொரு மின்முனை வாங்கித் தரப் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்கியவர்கள் ஒரே சேர்மத்தைக் குறைந்தது மூன்று தடிமனில் பூசி அளக்கட்டும். பிறகு ஆக்சிஜனை விரட்டி நைட்ரஜன் நிரப்பிய கரைசலில் பெராக்சைடை நேரடியாகச் சேர்த்து, தட்டில் ஒடுக்க மின்னோட்டம் வருகிறதா என்றும் பார்க்கட்டும்.