சூரியக் காற்றைப் புயலாக்காதீர்கள்

போன வாரம் ஒரு அறிவியல் காணொளியில் மறுபடியும் கேட்டேன்: ‘சூரியத் துருவங்களில் வீசும் புயலை யுலிசிஸ் விண்கலம் அளந்தது.’ எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். யுலிசிஸ் அளந்தது சூரியக் காற்றை.

சொல்லின் கதை சின்னது. சூரியனிலிருந்து புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் ஓயாமல் வெளியே பாய்கின்றன. 1958-இல் அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் அதைக் காற்று என்றார். நம்முடைய ‘காற்று’, அதே பொருள் கொண்ட பழைய ‘கால்’ வழி வந்தது. அவ்வளவுதான். பார்க்கரோடு மல்லுக்கு நின்ற விஞ்ஞானி சேம்பர்லைன், அது மெதுவாகத்தான் வரும், வெறும் இளங்காற்று என்றார். 1962-இல் மாரினர் 2 விண்கலம் வெள்ளிக் கோளுக்குப் போகிற வழியில் அளந்ததும் வழக்கு முடிந்தது. சேம்பர்லைன் ஜெயித்திருந்தால் இன்று நாம் சூரியத் தென்றல் என்று எழுதிக்கொண்டிருப்போம்.

சரி, புயல் எங்கிருந்து வந்தது? துருவப் பக்கக் காற்றின் வேகம் நொடிக்கு 750 கி.மீ. என்றதும் மொழிபெயர்ப்பாளருக்குக் காற்று போதவில்லை. யுலிசிஸ் கொண்டுவந்த சேதியோ நேரெதிர். 1990-இல் கிளம்பி, 1992-இல் வியாழனின் ஈர்ப்பில் வளைந்து, கோள்கள் சுற்றும் தளத்தை விட்டு விலகி, 1994-இல் தென்துருவப் பக்கமும் மறு ஆண்டு வடதுருவப் பக்கமும் 80 பாகை வரை போனது. சூரியன் அடங்கியிருந்த காலம். நடுக்கோட்டை ஒட்டி நொடிக்கு 400 கி.மீ. வாக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த காற்று, துருவத்தை நெருங்கும் முன்பே 750-க்குப் போய், மாதக்கணக்கில் ஏறக்குறைய அங்கேயே நின்றது. வேகமான காற்றுதான் சாதுவான காற்று. அதைப் போய்ப் புயல் என்றால்?

புயலுக்கு வேறு வேலை இருக்கிறது. 1989 மார்ச்சில் சூரியனிலிருந்து வந்து, மின்சாரத்தை அறுத்து, கனடாவின் கியூபெக் மாகாணத்தை இருட்டாக்கியதே, அது புயல், வரும், போகும். காற்றோ எந்நேரமும் வீசுவது. இதற்கும் புயல் என்று எழுதிவிட்டால் அதற்கு என்ன எழுதுவீர்கள்? பழந்தமிழில் புயல் என்றாலே மேகம்தான் என்பது தனி வேடிக்கை.

‘ஞாயிற்று வளி’ என்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ‘ஞாயிற்று’ காதில் கிழமையாகத்தான் விழுகிறது.

அப்புறம், அதே காணொளியில் ‘சூரியனின் உயரமான அட்சரேகைகள்’. உயரம் எங்கே வந்தது? பாகை எண் பெரிது, அவ்வளவே. துருவத்தை ஒட்டிய பகுதி என்று எழுதிவிட்டுப் போகலாமே.