இருபது வருஷம் பிந்தி வந்த பைலட்

2003 மே 6-ஆம் தேதி தொடங்கிய ஓர் இணைய வீடியோ ஆட்டம் இன்னும் முடியவில்லை. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்தில் இருக்கும் சிசிபி கேம்ஸ் உருவாக்கிய ‘ஈவ் ஆன்லைன்’தான் அது. 7,000-க்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் கொண்ட ஒரே ஒரு உலகம். அதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்ததே இல்லை. அன்று சேர்ந்தவர்களில் சிலர் அதே பைலட் பாத்திரத்தோடு இன்றும் விண்கப்பலில் பறந்துகொண்டிருக்கிறார்கள். இன்று காலை கணக்குத் தொடங்குகிறவரும் அவர்கள் இருக்கும் அதே வானத்தில்தான் போய் இறங்குகிறார். (சீனாவுக்கு மட்டும் தனி சர்வர்.)

ஆகவே புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: இவர்களை நான் எந்தக் காலத்தில் எட்டிப் பிடிப்பது? நியாயமான கேள்வி. ஆனால் ஆட்டத்துக்குள் ஓடும் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பயத்தில் பாதி கழன்றுவிடும். மீதிப் பாதி கழலாது. அது ஏன் என்பதும் சுவாரசியமான விஷயம்தான்.

முதலில் பயிற்சிக் கணக்கு. மற்ற பல ஆட்டங்களில் எதிரிகளைக் கொன்று கொன்று லெவல் ஏற வேண்டும். ஈவில் அப்படி இல்லை. ஒரு திறனைத் தேர்ந்தெடுத்து வரிசையில் போட்டுவிட்டால், நீங்கள் தூங்கினாலும் வேலைக்குப் போனாலும் அது தானாக வளரும். கடிகாரம்தான் பயிற்சியாளர். பழையவர்களின் கடிகாரம் இருபது வருஷமாக ஓடுகிறது, உங்களுடையது இன்றுதான் ஓட ஆரம்பித்தது. கேட்கவே வயிற்றைக் கலக்குகிறது, இல்லையா?

ஒரே ஒரு திறனைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு திறனுக்கும் 5 படிகள். எளிய திறன் ஒன்றில் முதல் படிக்கு 250 புள்ளி வேண்டும். இரண்டாம் படியைத் தொட மொத்தம் சுமார் 1,414. மூன்றாம் படிக்கு 8,000, நான்காம் படிக்கு 45,255, ஐந்தாம் படிக்கு 2,56,000. ஒவ்வொரு படியிலும் மொத்தப் புள்ளி ஏறக்குறைய 5.66 மடங்காகிறது. அந்த எண் 32-இன் வர்க்கமூலம். சந்தா கட்டும் புதிய பைலட் நிமிடத்துக்குச் சுமார் 30 புள்ளி சேர்க்கிறார் என்று வையுங்கள். முதல் படி எட்டரை நிமிடத்துக்குள் முடியும். நான்காம் படி வரைக்கும் போக ஒரு நாளும் ஒரு மணி நேரமும் ஆகும். ஐந்தாம் படிக்கு மட்டும் அதற்கு மேல் கிட்டத்தட்ட 5 நாள்.

செலவு இப்படி எகிறுகிறது. வரவு எகிறுவதில்லை. பெரும்பாலான திறன்களில் ஒரு படிக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே அளவில்தான் பலன் கூடும். துப்பாக்கிச் சேதம் படிக்கு 5 சதவீதம் என்றால் நான்காம் படியில் 20, ஐந்தாம் படியில் 25. முழுப் பலனில் ஐந்தில் நான்கு பங்கு உங்களுக்கு ஏறக்குறைய முதல் நாளிலேயே, 18 சதவீதத்துக்கும் குறைந்த செலவில் வந்துவிடுகிறது. கடைசி ஐந்தில் ஒரு பங்குக்காகப் பழையவர் நாள்கணக்கில் காத்திருந்தார். கடினமான திறன்களில் வாரக்கணக்கில்.

இதற்கு மேல் இன்னொரு விஷயம்: ஆறாம் படி என்று ஒன்று கிடையாது. ஒரு சிறிய கப்பலை ஓட்டும்போது குறிப்பிட்ட சில திறன்கள்தான் வேலை செய்யும். இருபது வருஷப் புள்ளிகளை மூட்டை கட்டி வைத்திருப்பவர் ஃபிரிகேட் என்ற சின்னப் போர்க்கப்பலில் ஏறி உட்கார்ந்தால், அந்த மூட்டையில் மிகச் சிறிய பகுதிதான் அவரோடு கப்பலில் ஏறும். மற்றதெல்லாம் அவர் அந்த நேரத்தில் ஓட்டாத கப்பல்களுக்கான புள்ளிகள். ஆகவே அவரிடம் இருப்பது அகலம். ஆழம் எல்லோருக்கும் ஐந்து படிதான். ஒரே வகைக் கப்பலை மட்டும் குறிவைத்துப் பயிற்சி எடுப்பவர் சில மாதங்களில் அந்தக் கப்பலில் அவருக்குச் சமமாக நிற்க முடியும்.

சிசிபி 2016-இல் கொண்டுவந்த ஸ்கில் இன்ஜெக்டரும் இந்தப் பக்கமே சாய்கிறது. ஒருவரிடமிருந்து உறிஞ்சி எடுத்த 5 லட்சம் புள்ளிகளை இன்னொருவர் வாங்கிச் செலுத்திக்கொள்ளலாம். வாங்குபவரிடம் 50 லட்சத்துக்கும் குறைவான புள்ளிகள் இருந்தால் 5 லட்சமும் அப்படியே கிடைக்கும். 8 கோடிக்கு மேல் வைத்திருப்பவருக்கு வெறும் ஒன்றரை லட்சம், மீதி ஆவியாகிவிடும். இதைப் பார்த்ததும் முதல் நாளே ஊசி வாங்கிப் போட்டுக்கொள்ள ஓடாதீர்கள். ஓட்டத் தெரியாத பெரிய கப்பலில் ஏறுவதற்கான குறுக்குவழி அது, அவ்வளவுதான். அதே 2016 நவம்பரிலிருந்து காசு கட்டாமலும் ஆடலாம். பயிற்சி பாதி வேகத்தில் நடக்கும், 50 லட்சம் புள்ளியில் நின்றுவிடும். ஆட்டம் பிடிக்கிறதா என்று பார்க்க அது தாராளம்.

சரி, திறன் ஒருபுறம் இருக்கட்டும். பெரிய கப்பல் வைத்திருப்பவன் சின்னக் கப்பலை ஒரே குண்டில் ஊதிவிட மாட்டானா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது.

ஈவில் துப்பாக்கிக் குண்டு படுமா படாதா என்பதைத் தீர்மானிப்பது கோண வேகம். நீங்கள் எவ்வளவு வேகமாகப் பறக்கிறீர்கள் என்பதைவிட, எதிரியின் துப்பாக்கி உங்களைத் தொடர எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி. விநாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் ஒரு ஃபிரிகேட் 25 கிலோமீட்டர் தூரத்தில் எதிரியைச் சுற்றினால் கோண வேகம் 0.02 ரேடியன். ஒரு சுற்று முடிக்க ஐந்து நிமிடத்துக்கு மேலாகும். அதே வேகத்தில் இரண்டரை கிலோமீட்டருக்குள் புகுந்து சுற்றினால் 0.2 ரேடியன். அரை நிமிடத்துக்கு ஒரு சுற்று. ரயில் தூரத்தில் போகும்போது நகர்வதே தெரியாது, நாம் பிளாட்பாரத்தில் நிற்கும்போது முகத்தைக் கடந்து பறந்துவிடும். அதே கதைதான்.

இந்தக் கோண வேகத்தைத் துப்பாக்கி திரும்பும் திறனால் வகுத்து, அப்புறம் இலக்கு எவ்வளவு சிறியது என்பதால் பெருக்குகிறார்கள். பேட்டில்ஷிப் என்ற பெரிய போர்க்கப்பலின் ரேடார் உருவம் சுமார் 400 மீட்டர், ஃபிரிகேட்டின் உருவம் சுமார் 40. சிறிய கப்பலாக இருப்பதாலேயே கணக்கு பத்து மடங்கு உங்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கடைசியில் வரும் எண்ணை வர்க்கப்படுத்தி, 1-ஐ அத்தனை தடவை பாதியாக்கினால் குண்டு படும் வாய்ப்பு கிடைக்கும். எண் 1 என்றால் பாதிக்குப் பாதி. 2 என்றால் 6 சதவீதம். 3 என்றால் ஆயிரத்துக்கு இரண்டு. துப்பாக்கியின் தூர வரம்புக்குள் இருக்கும்போதே இந்த நிலைமை. வர்க்கம் உள்ளே உட்கார்ந்திருப்பதால், கொஞ்சம் வேகம் கூட்டினாலும் தப்பிக்கும் வாய்ப்பு மடமடவென்று ஏறுகிறது.

பேட்டில்ஷிப்காரரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டார். உங்கள் வேகத்தைக் குறைக்கும் வலையை வீசுவார், சிறு டிரோன்களை ஏவுவார். நேர்கோட்டில் அவரை நோக்கிப் பாய்ந்தீர்களானால் கோண வேகம் பூஜ்யம், ஒரே சுடுதலில் சாம்பல். புதியவர்கள் இப்படித்தான் செத்துத் தொலைகிறார்கள்: திரையில் எதிரியைப் பார்த்ததும் ‘நெருங்கு’ பொத்தானை அமுக்கிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பக்கவாட்டில் சுருளாக நெருங்க வேண்டும். இது கையில் பழக வேண்டிய வித்தை. எந்தத் திறன் வரிசையிலும் போட்டு வாங்க முடியாது.

கப்பல்கள் நகரும் விதமும் விநோதமானது. விண்வெளி என்றால் எஞ்சினை நிறுத்தினாலும் கப்பல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஈவில் நின்றுவிடும். இங்கே வெற்றிடம் கெட்டியான திரவம் மாதிரி நடந்துகொள்கிறது. நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகப் பிடிபடும். வேகம் முதலில் சட்டென்று ஏறி, உச்சத்தை நெருங்க நெருங்க மந்தமாகும். உச்ச வேகத்தின் முக்கால் பங்கை, அதுவும் போக வேண்டிய திசையில் எட்டிய கணத்தில்தான் கப்பல் ‘வார்ப்’ என்ற நெடுந்தூர அதிவேகப் பாய்ச்சலுக்குள் நுழையும். அதற்கு ஆகும் நேரத்தைக் கப்பலின் நிறையும் திரும்பும் தன்மையும் தீர்மானிக்கின்றன. ஃபிரிகேட்டுக்குச் சில விநாடி. பெரிய சரக்குக் கப்பலுக்கு அரை நிமிடத்துக்கும் மேல். வேட்டைக்காரர்கள் காத்திருப்பது அந்த அரை நிமிடத்துக்காகத்தான்.

சர்வரோ விநாடிக்கு ஒரு தடவைதான் உலகத்தைக் கணக்கிட்டுப் பார்க்கிறது. இதை டிக் என்பார்கள். திரையில் எல்லாம் வழவழவென்று ஓடினாலும் அடியில் இருப்பது விநாடிக்கு ஒரு துடிப்பு. ஆகவே 2 விநாடிக்குள் வார்ப் செய்துவிடும் கப்பலைக் குறிவைத்துப் பிடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். எதிரியின் கட்டளை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து நடைமுறைக்கு வருவதற்குள் கப்பல் போயே போய்விடும்.

கூட்டம் பெருகும்போது இந்தத் துடிப்புக்கே மூச்சு முட்டும். 100 பேர் ஓர் இடத்தில் இருந்தால் ஒவ்வொருவர் செய்வதையும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்: சுமார் 10,000 செய்தி. 4,000 பேர் என்றால் ஒரு கோடியே 60 லட்சம். ஆள் 40 மடங்கு, வேலை 1,600 மடங்கு. சிசிபி 2012-இல் இதற்கு ஒரு தந்திரம் செய்தது. சுமை ஏறினால் அந்த மண்டலத்தில் ஆட்டத்தின் நேரத்தையே மெதுவாக்கிவிடுவது. பத்தில் ஒரு பங்கு வரை குறையும். 10 விநாடி ஓடக்கூடிய துப்பாக்கிச் சுற்று 100 விநாடி இழுக்கும். பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் 2014 ஜனவரியில் நடந்த போர் சுமார் 21 மணி நேரம் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். மண்டலத்தைக் கையில் வைத்திருக்க ஒரு கூட்டணி கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை உரிய நேரத்தில் கட்டப்படாமல் போனதில் ஆரம்பித்த சண்டை அது. ஆட்டத்தின் மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. அழிந்தது அழிந்ததுதான். ஈவில் கப்பல் வெடித்தால் திரும்பி வராது.

நான் மிகவும் தாமதமாகப் புரிந்துகொண்டது இதைத்தான். ‘ஹைசெக்’ என்ற பாதுகாப்பு மண்டலத்தில் காவல்படை இருக்கிறது என்று நம்பி, அதுவரை சேர்த்த அத்தனை பொருளையும் ஒரே சரக்குக் கப்பலில் ஏற்றி, ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது என் பைலட் கொல்லப்பட்டு, புதிய உடலில், வெறுங்கையோடு நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆட்டோபைலட் அடுத்த மண்டலத்துக்குத் தாவும் வாயிலுக்குத் தள்ளியே இறங்கி ஊர்ந்து போகும் என்பதும், காவல்படை தண்டிக்கத்தான் வரும், தடுக்க வராது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மண்டலத்தின் பாதுகாப்பு எண் 1.0-இலிருந்து 0.5-ஐ நோக்கி இறங்க இறங்க அந்தக் காவல்படை வந்து சேரவும் நேரம் கூடும். கொள்ளைக்காரர்கள் கணக்குப் போட்டுத்தான் அடிக்கிறார்கள்: தங்கள் மலிவான கப்பல்களின் விலையைவிட உங்கள் சரக்கின் மதிப்பு கூடுதலாக இருந்தால் நீங்கள் லாபகரமான இலக்கு. இழந்தால் தாங்க முடிகிற கப்பலை மட்டும் ஓட்டு என்று பழையவர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

மேலே கழலாத பாதிப் பயம் என்று சொன்னது இங்கேதான் இருக்கிறது. பழையவர்களின் உண்மையான சொத்து எந்த வாயிலில் யார் காத்திருப்பார்கள், ஆட்டத்தின் பெரிய சந்தையான ஜிட்டாவில் எந்தப் பொருள் எப்போது விலை ஏறும், பயந்து ஓட வேண்டிய நேரம் எது என்ற விவரமும், கூப்பிட்டால் வருகிற பத்து நண்பர்களும்தான். இவற்றுக்கு இன்ஜெக்டர் கிடையாது. ஆனால் கேட்டால் கொடுப்பார்கள். 2004 முதல் புதியவர்களுக்குப் பாடம் நடத்துவதையே தொழிலாக வைத்திருக்கும் ஈவ் யுனிவர்சிட்டி என்ற ஆட்டக்காரர் அமைப்பு ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தொடக்கப் பயிற்சியையும், தொழில் பழக்கும் கேரியர் ஏஜென்ட்டுகள் என்ற ஆட்டப் பாத்திரங்கள் தரும் வேலைகளையும் முடித்துவிட்டு, முதல் வாரத்திலேயே இப்படி ஒரு கார்ப்பரேஷனில் (ஆட்டக்காரர் குழுவில்) சேர்ந்துவிடுவது நல்லது. தனியாகப் பாறை வெட்டிக்கொண்டு பெரிய கப்பலுக்குக் காசு சேர்ப்பவர்கள்தான் மாதம் முடிவதற்குள் சலித்துப்போய்க் கிளம்புகிறார்கள். என் பார்வையில் பெரிய கப்பல் ஆசைதான் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பொறி.

புதியவருக்குக் கூட்டத்தில் என்ன வேலை? வார்ப் ஸ்கிராம்ப்ளர் என்ற கருவியை மாட்டிக்கொள்ளுங்கள். சாதாரண ரகத்தின் எட்டும் தூரம் 7.5 கிலோமீட்டர். அது பட்டால் எதிரியால் பொதுவாக வார்ப் செய்ய முடியாது, எவ்வளவு பெரிய பேட்டில்ஷிப்பாக இருந்தாலும். இதற்குத் தேவைப்படும் திறன்கள் முதல் சில நாள்களில் வந்துவிடும். பக்கவாட்டில் சுருண்டு உள்ளே போய், இரண்டரை கிலோமீட்டரில் சுற்ற ஆரம்பித்து, பெரிய துப்பாக்கிகள் உங்களைத் தேடித் திணறும்போது ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும். அதற்குள் மற்றவர்கள் வந்து இறங்குவார்கள். பெரும்பாலும் உங்கள் கப்பல் அதற்குள் வெடித்துவிடும், அதன் விலையும் சொற்பம்தான்.

சண்டை முடிந்ததும் ஆட்டம் ஒரு பட்டியல் தரும். இறந்தது யார், எந்தக் கப்பல், யார் யார் எவ்வளவு சேதம் செய்தார்கள் என்று. மூன்று வாரப் பைலட்டின் பெயர் கடைசி வரியில் இருக்கும். எதிரே சேதம்: 0. குரல் அலைவரிசையில் முதலில் கேட்கும் கேள்வி மட்டும், அவனைப் பிடித்து வைத்திருந்தது யார் என்பதாக இருக்கும்.