உப்புக் காற்றில் சிலைகள் வெடிப்பது எவ்வாறு?

வெட்டவெளியில் நிற்கும் சீமெந்துச் சிலை எத்தனை காலம் நிலைக்கும் என்பதை அதன் உள்ளே மறைந்திருக்கும் இரும்புக் கம்பியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மட்டக்களப்புக் காந்திப் பூங்காவைச் சுற்றி நடப்பவர் காந்தியின் சிலையையும், 1814 இல் இங்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் சிலையையும் காணலாம். காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தருக்கும் சிலைகள் உண்டு. இவற்றுக்கு அப்பால், சந்திகளிலும் பாடசாலை முற்றங்களிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் உள்ளூர்க் கைகளால் எழுப்பப்படும் உருவங்களிற் பெரும்பாலானவை, கம்பிக் கூட்டைக் கட்டி, அதன்மேல் வலை சுற்றி, சீமெந்துச் சாந்து பூசிச் செய்யப்படுபவை.

அத்தகைய சிலையொன்றின் நீட்டிய கையை அருகில் நின்று பார்த்தால், மணிக்கட்டின் அடிப்புறத்தில் மெல்லிய கோடொன்றும் அதிலிருந்து வழிந்த செம்பழுப்புக் கறையும் தென்படலாம். அந்தக் கோடு அங்குமிங்கும் அலையாமல், உள்ளே கம்பி போகும் பாதையிலேயே போகும். சீமெந்து போதவில்லை, மேசன் சரியில்லை என்று பழி சொல்லுமுன் இதைக் கவனிப்பது நல்லது.

புதிய கொங்கிறீட்டின் பிஎச் பெறுமானம் ஏறத்தாழ 13. இவ்வளவு காரத்தன்மையில் இரும்பின் மேற்பரப்பில் சில நனோமீற்றர் தடிப்பே உள்ள ஒட்சைட்டுப் படலம் ஒன்று உருவாகி, நீரும் ஒட்சிசனும் வந்து சேர்ந்தாலும் துருப்பிடிக்க விடாமல் காக்கிறது. இந்தப் படலம் இரண்டு வழிகளில் அழியும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு நுண்டுளைகளூடாக மெல்ல உட்புகுந்து, சீமெந்திலுள்ள கல்சியம் ஐதரொட்சைட்டைக் கல்சியம் காபனேற்றாக மாற்ற, பிஎச் 9 இற்கும் கீழே இறங்கிவிடுவது ஒரு வழி. நமது கரையில் அதனினும் வேகமானது மற்ற வழி: கடலுப்பின் குளோரைட்டு அயன்கள். கொங்கிறீட்டின் காரத்தன்மை குறையாதிருக்கும்போதே இவை படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். துளைத்த இடம் அனோட்டாகவும் (இரும்பு கரைந்து துருவாகும் முனை) கம்பியின் எஞ்சிய பகுதி கதோட்டாகவும் (இரும்பு கரையாத எதிர்முனை) மாற, ஈரமான கொங்கிறீட்டையே ஊடகமாகக் கொண்டு மின்கலம் ஒன்று இயங்கத் தொடங்குகிறது. இதில் குளோரைட்டு செலவாவதில்லை; உட்புகுந்த உப்பு மீண்டும் மீண்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். தோன்றும் துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அமுக்கத்தை நன்கு தாங்கும் கொங்கிறீட்டு, இழுவிசையில் அதன் பத்திலொரு பங்களவே தாங்கும் என்பதால் வெடிக்கிறது.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் கல்லடியில் நிற்கும் சிலை, வடகீழ்ப் பருவக்காற்றில் உப்பு ஈரத்தை வாங்கி, பின்பு கச்சான் காற்றில் காய்கிறது. காயும்போது நீர் மட்டுமே வெளியேறுவதால் துளைகளுக்குள் உப்பின் செறிவு ஆண்டுக்காண்டு ஏறும். அலைத் திவலை சுமந்துவரும் உப்பு கரையை விட்டு உள்ளே செல்லச் செல்ல விரைவாகக் குறைந்துவிடுவதால், கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்துச் சிலைக்கு இருக்கும் ஆபத்து கல்லடிச் சிலைக்கு இருப்பதைவிடக் குறைவு. ஆனால் கழுவாத கடற்கரை மணலையும் உவர்க் கிணற்று நீரையும் கொண்டு சாந்து குழைத்தால், தூரத்தால் கிடைத்த அந்த நன்மை முதல் நாளிலேயே போய்விடும்.

சிற்பத்துக்குக் கட்டடத்துக்கு இல்லாத இக்கட்டு ஒன்றும் உண்டு. கரையோரக் கட்டடத் தூணில் கம்பிக்கு மேல் 50 மில்லிமீற்றர் மூடுபடை வைக்கலாம். ஆள் அளவுச் சிலையின் விரலுக்குள் கம்பியைச் சுற்றி 10 மில்லிமீற்றர்கூடத் தேறாது. விரலும் மூக்கும் உடையின் ஓரமும் முதலில் உதிர்வதற்கு இதுவே காரணம்.

விழா நெருங்கும்போது வெடிப்பைச் சாந்தால் அடைத்து எனாமல் பூசும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. கழன்ற இடத்தில் மட்டும் புதுச் சாந்து வைத்தால் அங்குள்ள கம்பி மீண்டும் காரப் பாதுகாப்பைப் பெறும். ஆனால் அதுவரை அனோட்டாக இருந்து தன் அயலைக் காத்துவந்த அந்த இடம் ஓய்ந்துவிடுவதால், ஒட்டின் விளிம்புக்கு வெளியே, உப்பு ஊறிய பழைய பகுதியில் புதிய அனோட்டு பிறக்கிறது. சில ஆண்டுகளில் ஒட்டைச் சுற்றி வளையமாக வெடிப்பு வரும். பீடத்தின் வழியே ஏறும் ஈரத்தை எனாமல் படலம் வெளியே விடாது.

இரும்பு வீங்கிச் சிலையைக் கெடுப்பது நமக்கு மட்டும் உரிய தொல்லையல்ல. 1886 இல் திறக்கப்பட்ட நியூயோர்க் சுதந்திர தேவி சிலையின் செப்புத் தகட்டுக்குப் பின்னாலிருந்த இரும்புப் பட்டைகள் துருவேறிப் பருத்து ஆணிகளைப் பிடுங்கியதால், 1980களில் அவற்றை அகற்றிக் கறையில் உருக்கு (எளிதில் துருப்பிடிக்காத எஃகு) பட்டைகளைப் பொருத்தினார்கள். கல்லும் உப்புக்குத் தப்பாது: கன்னியாகுமரியில் 2000 இல் திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையின் மீது காகிதக் கூழை அப்பி, கல்லில் ஊறிய உப்பை உறிஞ்சியெடுக்கிறார்கள்.

ஏற்கெனவே நிற்கும் சிலையைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால், பிரிந்துவிட்ட இடம் வெற்றொலி தரும். அங்கு கம்பியின் பின்புறம் தெரியும்வரை கொத்தி, உப்பேறிய கொங்கிறீட்டை முழுவதும் நீக்கி, துருவைச் சுரண்டியபின்பே புதுச் சாந்து வைக்க வேண்டும். புதிய சிலைக்கு, குறைந்தது விரல்களுக்காவது, மொலிப்டினம் கலந்த கறையில் உருக்குக் கம்பியையோ கண்ணாடி நார்க் கம்பியையோ பயன்படுத்தலாம். பராமரிப்பில் மறந்துபோகும் இடங்கள் தாடையின் அடியும் கக்கமும் உடை மடிப்புகளின் உட்புறமும். மழை அவற்றைக் கழுவுவதில்லை என்பதால் உப்பு அங்கேதான் படிகிறது, மாரி முடிந்ததும் அவற்றை நன்னீரால் கழுவிவிட ஒரு குழாயும் ஏணியும் போதும்.